நமுத்துப்போகும் வீடு

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் நடத்துபவர்களுக்குத் தூக்கம் போய்விடும். மருந்து முக்கிய குச்சி காயாது. காய்ந்ததுபோலத் தெரிகிறதே என்று பெட்டியில் அடைத்துவிட்டால், உரசும்போது மருந்து பிசிறி உதிரும், தீ வராது. "நமுத்துப் போச்சு" என்பார்கள். இந்த ஊர்க் கடலைமிட்டாய்க்கும் அதே சொல்தான். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் அது. ஆனாலும் மழைக்காற்றில் பிரித்து வைத்தால் வெல்லப்பாகு கசிந்து பிசுபிசுக்கத் தொடங்கிவிடும். சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழில் வேர்பிடித்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் முக்கியமானது, இங்கே ஆண்டின் பெரும்பகுதி காற்று உலர்ந்து கிடப்பது. மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் காயப்போட்டது காயும்.

ஈரம் என்ன செய்யும் என்று சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்த என் அக்கா மகன், கனடாவில் ஒரு வீட்டை ஈரத்துக்கே பறிகொடுத்தான். ஆல்பர்ட்டா மாகாணத்தின் வடக்கே, எண்ணெய் மணல் வெட்டும் ஃபோர்ட் மெக்மரே பக்கம் அவனுக்கு வேலை. அங்கே ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலையே மைனஸ் 17 டிகிரியை ஒட்டியது. வாடகை கட்டுபடியாகாமல் பழைய சக்கர வீடு ஒன்றை வாங்கிக் குடியேறினான். முதல் குளிர்காலம் முடிந்தபோது கட்டிலுக்கு அடியில் கரும்பூஞ்சை. சன்னல் ஓரத்துப் பலகை கைவைத்தால் உதிர்ந்தது, தரை மிதித்த இடத்தில் அமுங்கியது. "குளிர்தான் படுத்தும்னு நினைச்சேன் மாமா. கடைசியில தண்ணிதான் கெடுத்துச்சு" என்றான். அடுத்த வீட்டை எதைப் பார்த்து வாங்குவது என்று அவன் கேட்டான். அதற்கான பதிலைத் தேடிப் போனதில் எழுதியதுதான் இந்த அத்தியாயம்.

அவன் வாங்கியது 'ஐந்தாம் சக்கர' வகை வீடு. பெயர் புதிதாக இருந்தாலும் பொருள் நமக்குப் பழக்கமானதுதான். எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்களைப் பாருங்கள். இழுக்கும் லாரியின் முதுகில் கிரீஸ் அப்பிய வட்டமான இரும்புத் தட்டு ஒன்று கிடக்கும். நம் ஓட்டுநர்கள் அதை டர்ன்டேபிள் என்பார்கள். டிரெய்லரின் முன்னடியில் துருத்திக்கொண்டிருக்கும் கிங்பின் அதன் பிளவில் வந்து விழுந்து பூட்டிக்கொள்ளும். குதிரை வண்டிக் காலத்தில், முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கைவாட்டில் வைத்த சக்கரம் போன்ற வளையத்துக்கு 'ஐந்தாவது சக்கரம்' என்று பெயர். மோட்டார் வந்த பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வட அமெரிக்காவில் இதே பூட்டைச் சிறிதாக்கி, பிக்கப் வண்டியின் பின்தொட்டிக்குள் பொருத்தி, ஒரு முழு வீட்டையே மாட்டி இழுக்கிறார்கள். வீட்டின் முன்பகுதி பிக்கப்பின் முதுகுக்கு மேல் ஏறி நிற்கும். பெரும்பாலும் படுக்கையறை அங்கேதான் இருக்கும். அதை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

ஏன் வண்டியின் வாலில் மாட்டாமல் முதுகில் மாட்ட வேண்டும்? பாரவண்டி ஓட்டியவரைக் கேட்டால் சொல்லிவிடுவார். பருத்திப் பொதியோ மிளகாய் மூட்டையோ, ஏற்றும்போது முன்பாரம் பின்பாரம் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து புண்ணாகும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே எழும்பும், மேட்டில் ஏறும்போது வண்டி குடைசாயும். கொஞ்சம் முன்பாரம் இருப்பதுதான் வண்டிக்கு நிதானம். வாலில் மாட்டும் டிரெய்லரில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்னால் இறங்க வேண்டும் என்பது கணக்கு. ஐந்தாம் சக்கர வீட்டில் அது ஏறத்தாழ 20 சதவீதம். அந்த எடை இழுக்கும் வண்டியின் பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது சற்று முன்னால் இறங்குவதால் டிரெய்லரின் வாலாட்டம் வெகுவாக அடங்கிவிடுகிறது. பனி உறைந்த சாலையில் இது உயிர் காக்கும் குணம். ஆனால் 6 டன் வீட்டில் 20 சதவீதம் என்றால் 1,200 கிலோ. அதைத் தாங்குகிற பிக்கப் இல்லாமல் வீட்டை மட்டும் பார்த்துப் பயனில்லை. விளம்பரத் தாளில் போட்டிருப்பது வெறும் வீட்டின் எடை. நிரந்தரமாகக் குடியிருப்பவர் துணிமணி, பாத்திரம், கருவிகள், தொட்டித் தண்ணீர் என்று ஏற்றிக்கொண்டே போவார். தண்ணீர் மட்டுமே 200, 300 கிலோ வந்துவிடும்.

எடைக்கும் குளிருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கரிசக்காட்டுக் கிராமத்தில் ஒன்றரை அடி மண்சுவர் வீட்டுக்குள் சித்திரை மத்தியானத்தில் நுழைந்தவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி தெரியும். பகல் வெயிலைச் சுவர் மெல்ல மெல்லக் குடித்து, இரவில்தான் உள்ளே விடும். அப்படிப்பட்ட சுவரில் ஒரு சதுர மீட்டரின் எடை ஏறத்தாழ முக்கால் டன். ஒரு சக்கர வீட்டுக்குச் சுவர் மட்டும் 60 சதுர மீட்டர் வரும். மண்ணில் கட்டினால் 45 டன்! எந்தப் பிக்கப்பும் இழுக்காது. ஆகவே சக்கர வீடு, சூட்டைச் சேமித்துவைக்கும் வழியை முழுக்கக் கைவிட்டு, சூட்டைத் தடுக்கும் வழியை மட்டுமே நம்பி நிற்கிறது.

தடுப்பதில் மண்ணை விடப் பஞ்சு எவ்வளவோ மேல். இதை எங்கள் பக்கத்துக் கருங்கண்ணிப் பருத்தி அடைத்த மெத்தையே சொல்லும். பஞ்சிழை சிறு கண்ணிகளாகப் பிடித்துவைத்திருக்கும் அசையாத காற்றுதான் அங்கே வேலை செய்கிறது. ஒரு மீட்டர் கனத்தில், ஒரு டிகிரி வித்தியாசத்தில், சதுர மீட்டருக்கு எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்று அளந்தால், அசையாத காற்றுக்கு 0.025, கண்ணாடியிழைப் பஞ்சுக்கு 0.04, மண்சுவருக்கு 0.7 அளவில் இருக்கும். அலுமினியத்துக்கோ 200. கூட்டிக் கழித்துப் பார்த்தால் 5 சென்டிமீட்டர் பஞ்சு, ஒன்றரை அடி மண்சுவரை விட நன்றாகவே வெப்பத்தைத் தடுக்கும். ஆனால் பஞ்சிடம் சேமிப்பு கிடையாது. ஹீட்டர் நின்றால் மண்வீடு மறுநாள் வரை தாங்கும், பஞ்சு வீடு சில மணி நேரத்தில் குளிர்ந்துவிடும்.

மருமகன் கேட்ட அளவுள்ள ஒரு வீட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். 10 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம், உள் உயரமும் இரண்டரை மீட்டர். வெளியே மைனஸ் 20, உள்ளே 20 டிகிரி, ஆக 40 டிகிரி வித்தியாசம். சுவர், கூரை, தரை மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 104 சதுர மீட்டர். நடுவில் ஓடும் சட்டங்களின் கசிவையும் சேர்த்துப் பார்த்தால் அதன் வழியே 4,200 வாட் போகும். ஒற்றைக் கண்ணாடிச் சன்னல்கள் 8 சதுர மீட்டர் என்றால் அவை மட்டும் 1,800 வாட். இடுக்கு வழியாக மணிக்கு ஒருமுறை வீட்டுக் காற்று முழுவதும் மாறினால் இன்னும் 800. மொத்தம் சுமார் 6,800 வாட். புரொப்பேன் வாயுவில் எரித்தால், புகைபோக்கியில் போகிற வீணையும் சேர்த்து, நாளைக்கு 16, 17 கிலோ. நம் வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. நமக்கு ஒரு மாதம் சோறு பொங்கும் சிலிண்டர் அங்கே ஒரு பகலும் ஓர் இரவும் முழுசாகத் தாங்காது.

இந்த எண்களைப் பார்த்ததும் கை தன்னால் பெரிய ஹீட்டரைத் தேடும். அது தவறான தேடல். சக்கர வீடுகளில் பரவலாக வரும், மணிக்கு 35,000 பிடியு (பிரிட்டிஷ் வெப்ப அலகு) எரிக்கும் ஹீட்டர் உள்ளே தருவது 7,700 வாட் அளவுதான். மைனஸ் 20-ல் மூச்சு வாங்கிக்கொண்டு சமாளிக்கும். மைனஸ் 35 ஆனால் இதே வீட்டுக்கு 9,300 வாட் தேவைப்படும், ஹீட்டர் இரவெல்லாம் ஓடியும் அறை குளிரும். அதே பணத்தைச் சன்னலில் போடலாம். இரட்டைக் கண்ணாடி ஆக்கினால் போதும், 900 வாட் அளவுக்கு மிச்சம், நாளைக்கு 2 கிலோ வாயு. சட்டம் எதில் செய்தது என்று கேட்க வேண்டும். அலுமினியச் சட்டம் இலேசு, உளுக்காது, ஆனால் சுவருக்குள் ஓடும் ஒவ்வொரு சட்டமும் வெப்பத்துக்கு ஒரு கால்வாய். வெளித்தோலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் நுரைப்பலகை வைத்து அந்தக் கால்வாயை அடைத்திருக்கிறார்களா என்பது முக்கியமான கேள்வி. பளபளக்கும் அலுமினியத் தாளைச் சுருட்டி வைத்துவிட்டு ஏகப்பட்ட தடுப்புத்திறன் சொல்லும் விளம்பரங்களை நான் நம்பமாட்டேன். அந்தத் தாளுக்குப் பக்கத்தில் காற்று இடைவெளி இருந்தால்தான் அது வெப்பக்கதிரைத் திருப்பி அனுப்பும். இரண்டு பலகைக்கு நடுவே நசுங்கிக் கிடந்தால் அது வெறும் தாள்.

இவ்வளவும் குளிரைப் பற்றியது. மருமகனின் வீட்டைக் கெடுத்தது இதுவல்ல என்பதால் இனித்தான் விஷயத்துக்கே வருகிறேன்.

மார்கழி விடியலில் கரிசக்காட்டுக்குள் நடந்தால் முழங்கால் வரை வேட்டி நனைந்துவிடும். மழை பெய்திருக்காது. உளுந்துச் செடியின் இலை இரவு வானத்துக்குத் தன் சூட்டைக் கொடுத்துக் கொடுத்து, சுற்றியிருக்கும் காற்றை விடக் குளிர்ந்துபோகும். அந்த இலையைத் தொட்ட காற்று தன்னிடம் இருந்த நீராவியைத் தாங்கமுடியாமல் துளியாக இறக்கிவைத்துவிடும். மழை ஓய்ந்த மாதங்களில் பயிருக்கு அந்தப் பனி ஓர் ஆறுதல். காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் வெப்பத்தைப் பொறுத்தது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 17 கிராம் வரை தாங்கும். 0 டிகிரியில் 5 கிராம்கூட இல்லை. மைனஸ் 20-ல் சுமார் 1 கிராம்.

இப்போது சித்திரை மத்தியானக் கோவில்பட்டியை எடுத்துக்கொள்வோம். உதடு வெடிக்கும், துணி அரை மணியில் காயும். 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்று வைத்தால், அந்தக் காற்றின் ஒரு கன மீட்டரில் 14 கிராம் நீர் இருக்கிறது. பனி மூடிய ஆல்பர்ட்டாவில், மைனஸ் 20-ல், ஈரப்பதம் நூறு சதவீதமே இருந்தாலும் 1 கிராம்தான். நாம் வறட்சி என்று சொல்கிற காற்றில் அந்த வெண்பனி நாட்டுக் காற்றை விடப் பதினான்கு மடங்கு தண்ணீர்! முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்று மறுபடி போட்டுப் பார்த்தேன். தப்பில்லை.

அப்படியானால் மருமகனின் சுவரில் வழிந்த தண்ணீர் எங்கிருந்து வந்தது? வெளியிலிருந்து வரவில்லை. அவனிடமிருந்துதான் வந்தது. ஒரு மனிதர் மூச்சிலும் தோலிலுமாக நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரை ஆவியாக விடுகிறார். இரண்டு பேர் எட்டு மணி நேரம் தூங்கினால் 600 கிராமுக்கு மேல். நம் கணக்கு வீட்டின் மொத்தக் காற்றும் 20 டிகிரியில் தாங்கக்கூடியது ஒரு கிலோ சொச்சம்தான். சோறு வடிக்கும் ஆவி, வெந்நீர்க் குளியல், உள்ளேயே உலர்த்தும் துணி, எல்லாம் சேர்ந்தால் இருவருக்கு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அடுப்பில் எரிகிற வாயுவும் தண்ணீராகிறது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீர் பிறக்கும். ஹீட்டரின் புகை குழாய் வழியே வெளியே போய்விடும். சமையல் அடுப்பின் புகைக்கு அப்படி வழி இல்லை. குளிர் பொறுக்காமல் சமையல் அடுப்பை ஏற்றி அறையைச் சூடாக்குகிறவர்கள் அறைக்குள் தண்ணீரை ஊற்றுகிறார்கள். அதைவிடக் கொடுமை, கார்பன் மோனாக்சைடு. மணமில்லாமல், எரிச்சலில்லாமல் தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். அந்த வாயுவைக் கண்டு அலறும் கருவி வேலை செய்கிறதா என்று பார்க்காமல் எந்த வீட்டுக்கும் முன்பணம் கொடுக்கக்கூடாது.

அறைக்காற்று 20 டிகிரியில், பாதி ஈரத்துடன் இருந்தால், 9 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அது துளியாகும். ஒற்றைக் கண்ணாடி, அலுமினியச் சட்டம் ஓடும் சுவர்க் கோடு, அலமாரிக்குள் காற்று போகாத மூலை, எல்லாம் 9-க்கு வெகு கீழே. மெத்தையின் அடிப்பக்கம் இன்னும் மோசம். மேலே உடம்பின் சூடும் ஈரமும், கீழே குளிர்ந்த பலகை. ஈரம் பஞ்சின் ஊடாக இறங்கிப் பலகையில் போய் நீராகும். நனைந்த பஞ்சில் காற்றிருந்த இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துகொள்கிறது. தண்ணீர் அசையாத காற்றை விட 24 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆக, ஈரம் சேரச் சேரத் தடுப்பு குறையும், தடுப்பு குறையப் பரப்பு இன்னும் குளிரும், குளிர்ந்த பரப்பு இன்னும் ஈரத்தை இழுக்கும்.

சுவருக்குள்ளும் இதே கதை நடக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல். குளிர்நாட்டு வீடு கட்டுகிறவர்கள் நீராவியைத் தடுக்கும் தாளைச் சுவரின் சூடான பக்கத்தில், அதாவது உட்பக்கத்தில் போடுவார்கள். சக்கர வீட்டிலோ நீராவி புகாத அலுமினியமோ ஃபைபர் கிளாஸோ வெளித்தோலாக இருக்கிறது. சுவிட்சுப் பெட்டித் துளையிலும் பலகை இடுக்கிலும் புகுந்த ஆவி, பஞ்சைக் கடந்து போய், உறைகுளிரில் இருக்கும் அந்தத் தோலின் உட்புறத்தில் பனிக்கட்டியாக ஒட்டிக்கொள்ளும். குளிர்காலம் முழுக்கச் சேர்ந்து, ஏப்ரலில் உருகி இறங்கும். மருமகன் கூரை ஒழுகுகிறது என்று நினைத்து மேலே ஏறித் தார்ப்பசை பூசிக்கொண்டிருந்தான். ஒழுகியது அவன் நான்கு மாதமாக விட்ட மூச்சு.

நோர்வேயின் நான்சென் 1893-ல் வடதுருவப் பனிக்குள் உறையவிடுவதற்கென்றே 'ஃப்ராம்' கப்பலைக் கொண்டுபோனபோது இந்த ஆபத்தை நன்றாக உணர்ந்திருந்தார். அதற்கு முன் துருவத்துக்குப் போன கப்பல்களில் அறைச்சுவர் வியர்த்து, படுக்கை நனைந்து உறைவது தீராத தொல்லை. ஃப்ராமின் சுவர்களிலும் அறைக்கூரையிலும் கம்பளித் துணி, தக்கை, கலைமான் மயிர் என்று அடுக்கடுக்காகத் தடுப்பு வைத்தார்கள். மேல்சன்னலுக்கு மூன்று கண்ணாடி. சுவரின் உட்பரப்பைச் சூடாக வைத்துவிட்டால் ஈரம் இறங்க இடம் இருக்காது என்பதுதான் கருத்து. மூன்று ஆண்டு பனியில் மிதந்துவிட்டு 1896-ல் அது பத்திரமாகத் திரும்பியது. அந்தக் கப்பலின் மேல்தளத்தில் விளக்கெரிக்க ஒரு காற்றாலையும் சுழன்றது. காற்றாலைகள் சுழலும் கயத்தாறு வழியே போகும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

அடைத்துப் பூட்டினால் சூடு நிற்கும் என்பது குளிருக்குப் புதியவரின் முதல் எண்ணம். மருமகனும் அதைத்தான் செய்தான். கூரைத் துவாரத்தில் பழைய போர்வையைத் திணித்தான், கதவிடுக்கில் டேப் ஒட்டினான். உண்மையில் வெளியே இருப்பது உலகிலேயே உலர்ந்த காற்றுகளில் ஒன்று. கன மீட்டருக்கு 1 கிராம் ஈரத்தோடு உள்ளே வந்து, 8 கிராமுக்கு மேல் சுமந்துகொண்டு வெளியே போகும். நாளைக்கு 4 லிட்டர் நீரை வெளியேற்ற, மணிக்கு 22 கன மீட்டர் காற்று மாறினால் போதும். அதைச் சூடாக்க ஆகும் செலவு 290 வாட், அதாவது நாளுக்கு முக்கால் கிலோ வாயு. எரிகிற 16 கிலோவில் முக்கால் கிலோ! ஒரு வீட்டை அழுகாமல் காப்பாற்ற இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் குளிர்நாட்டுக்கு வீடு பார்க்கிறவர் முதலில் காற்றோட்டத்தைக் கேட்க வேண்டும் என்கிறேன். பனி விழும்போதும் திறந்துவைக்கக்கூடிய மூடியுள்ள கூரைத்துளை, அடுப்புக்கு மேலே ஆவியை நேராக வெளியே தள்ளும் விசிறி, குளியலறைக்குத் தனி விசிறி. முடிந்தால், வெளியே போகும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்குக் கைமாற்றிவிடும் சிறு கருவி.

இனித் தரை. பனி விழும் நாட்டில் பாலத்தின் மேல்தான் சாலை முதலில் உறையும், அடியிலும் காற்று போவதால். சக்கர வீடு முழுக்க முழுக்க ஒரு பாலம். தண்ணீர்த் தொட்டி, கழிவுத் தொட்டிகள், குழாய்கள் எல்லாம் தரைக்கு அடியில் தொங்குகின்றன. தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் பெருக்கும். குழாய் வெடிக்க அது போதும். நல்ல குளிர்கால வீட்டில் இந்த அடிவயிற்றை மூடி, ஹீட்டரின் சூடான காற்றுக் குழாய் ஒன்றை அதற்குள்ளும் விட்டிருப்பார்கள். இங்கேதான் மருமகனின் இரண்டாவது இடி. வாயுச் செலவைக் குறைக்க இரண்டு மின்ஹீட்டர் வாங்கி அறைக்குள் வைத்தான். அறை சுகமாக இருந்தது. அறை சூடாக இருந்ததால் வாயு ஹீட்டர் ஓடவே இல்லை. அது ஓடாததால் அடிவயிற்றுக்குச் சூடு போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை, கழிவுத் தொட்டியின் வால்வு கல்லாகியிருந்தது. மேலே மிச்சம் பிடித்த வாயு, கீழே குழாய் மாற்றும் கூலியாகப் போனது.

அடிவயிறு மூடியிருந்தாலும் வீட்டைச் சுற்றித் தரை வரை பாவாடை கட்டுவார்கள், நுரைப்பலகையாலோ கனத்த தார்ப்பாயாலோ. பனியையே குவித்து அணைப்பவர்களும் உண்டு. பனியும் காற்றைச் சிறைவைத்த பஞ்சுதானே. காற்று அடியில் போவது நின்றுவிட்டால், பூமியில் கோடையிலிருந்து தங்கியிருக்கும் சொற்ப வெப்பம்கூடக் கணக்கில் சேரும். இங்கே நான் முன்பு மறக்க வேண்டாம் என்ற முன்பகுதி வருகிறது. பிக்கப்பைக் கழற்றிக்கொண்டு போனபின் படுக்கையறையின் தரை ஆளுயரத்துக்குப் பக்கமாக அந்தரத்தில் தொங்கும். பாவாடை கட்டுகிறவர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிடுவார்கள். படுக்கிற இடம்தான் வீட்டிலேயே குளிர்ந்த தரையாக மிஞ்சும். அந்த மேடையின் அடித்தளத்தில் எத்தனை சென்டிமீட்டர் நுரை இருக்கிறது என்று தனியாகக் கேட்க வேண்டும். நிறுத்திய பின் வெளியே தள்ளி அகலமாக்கும் பக்க அறைகளுக்கும் இதே குறை, தரை மெல்லிது, ரப்பர் ஓரம் குளிரில் விறைத்து இடுக்கு விடும். பார்க்க அழகுதான். குளிருக்கு அவை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

அண்டார்க்டிகாவில் நம் நாடு 2012-ல் திறந்த பாரதி நிலையம் இதற்கு நேர் எதிராக, உயரமான கால்களில் நிற்கிறது. 134 கப்பல் கன்டெய்னர்களை அடுக்கிக் கட்டியது அது, தூத்துக்குடிச் சாலையில் பார்க்கிற அதே இனத்துப் பெட்டிகள். காற்று அடியில் தாராளமாகப் போகட்டும், பனி மேடுகட்டி நிலையத்தைப் புதைத்துவிடக்கூடாது என்பது அங்கே கவலை. பெட்டிகளை மொத்தமாக ஒரு கனத்த காப்புறை போர்த்தியிருப்பதால் அடிக்காற்று அதை ஒன்றும் செய்யாது. அந்தக் கனம் நம் பிக்கப் இழுக்கும் வீட்டில் வராது, ஆகவே பாவாடை.

வாயுவைப் பற்றியும் ஒரு சொல். நம் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். குளிர்நாட்டில் தனிப் புரொப்பேன் நிரப்புவது அதனால்தான். கோவில்பட்டி வழியாகப் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் மறுமுனை ஸ்ரீநகர். அதற்கும் அப்பால் லடாக்கில் டீசலே கெட்டிப்படுகிறது என்று, மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் தனி டீசலை இந்தியன் ஆயில் 2019-ல் கொண்டுவந்தது. பேட்டரிக்கும் குளிர் ஆகாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் அது நிரந்தரமாகக் கெடும், ஆகவே அதன் இடம் வீட்டுக்குள்தான்.

'நான்கு பருவத்துக்கும் ஏற்றது' என்ற ஒட்டுத்தாளை நம்பி வாங்காதே என்று மருமகனிடம் சொன்னேன். வட அமெரிக்காவில் இந்த வீடுகளுக்கான பாதுகாப்புத் தரம் தீ, வாயு, மின்சாரம், குழாய் ஆகியவற்றைப் பார்க்கிறது. எத்தனை டிகிரிக் குளிரில் குடியிருக்கலாம் என்பதற்கு அந்த ஒட்டுத்தாள் உறுதி தருவதில்லை. பல நிறுவனங்களின் உத்தரவாதச் சீட்டில், நிரந்தரமாகக் குடியிருந்தால் உத்தரவாதம் செல்லாது என்ற வரி சின்ன எழுத்தில் இருக்கும். அதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

பழைய வீடு வாங்குவதானால் பனி விழுந்த மறுநாள் காலையில் விற்பனை மைதானத்துக்குப் போகச் சொன்னேன். ஹீட்டரை இரண்டு மணி நேரம் ஓடவிட்டுக் கூரையைப் பார்க்க வேண்டும். பனி சீராக மூடியிருந்தால் நல்லது. வரிவரியாக உருகியிருந்தால் அந்த வரிகள்தான் சட்டம் ஓடும் இடம். பிறகு மெத்தையைத் தூக்கி அடிப்பலகையை முகர வேண்டும். சன்னலுக்குக் கீழே, பக்க அறையின் மூலையில், கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். மாட்டுத் தாவணியில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற அதே நிதானம் வேண்டும். புதுச் சுவர்த்தாள் ஒட்டியிருந்தால் இன்னும் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும்.

அவன் வாங்கியது ஒரேயொரு பக்க அறையுள்ள, முன்னதை விட இரண்டு மீட்டர் சிறிய வீடு. சன்னலெல்லாம் இரட்டைக் கண்ணாடி. மெத்தைக்கு அடியில் பலகையை எடுத்துவிட்டுச் சட்டங்கள் அடித்துக் காற்று போக வழி செய்தான். கூரைத்துளையை ஒரு விரற்கடை எப்போதும் திறந்தே வைத்திருக்கிறான். முன்மேடைக்கு அடியிலும் நுரைப்பலகை கட்டிவிட்டான். ஈரப்பதம் பார்க்கும் கருவி ஒன்று வாங்கியிருக்கிறானாம், 40-ஐத் தாண்டுவதில்லை என்றான்.

அக்கா தீபாவளிக்கு அனுப்பிய கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைத் தை மாதம் பிரித்திருக்கிறான். தட்டில் போட்டு மேசைமேல் திறந்தே வைத்ததாகச் சொன்னான். நான் கேட்பதற்கு முன் அவனே போனைத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒன்றை உடைத்தான்.

"கேக்குதா மாமா?"

கேட்டது.